மூங்கில்வனக் கூட்டணியில் ஒரு காலி இடம்

நாவல்குளத்துக் காட்டில் இரண்டு கூட்டணிகள் இருந்தன. இரண்டுமே பனங்காய்ப் பந்து ஆடும் கூட்டணிகள்.

ஆட்டம் மிகச் சுலபம். காய்ந்த பனங்காயைக் காலாலும் தலையாலும் உருட்டிக்கொண்டு போய், எதிரணியின் இரண்டு கறையான் புற்றுகளுக்கு நடுவே தள்ள வேண்டும். தள்ளினால் ஒரு புள்ளி; முதலில் மூன்று புள்ளி எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள். வாயால் கவ்வக் கூடாது. வாலால் தட்டலாம். வால் குட்டையாக இருப்பவர்கள் அதைப் பற்றிப் புலம்பக் கூடாது.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஆளுக்கு ஒரு காயோ கனியோ கிழங்கோ கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் குவியலாகப் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தக் குவியல் கூட்டணிக்குச் சொந்தம். ஆட்டம் பாதியில் நின்றுபோனால், அவரவர் போட்டதை அவரவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பெரிய கூட்டணிக்கு மூங்கில்வனக் கூட்டணி என்று பெயர். காட்டெருமை, கரடி, காட்டுப்பன்றி, செந்நாய், கடமான் என்று ஐந்து அணிகள் அதில் இருந்தன. எல்லாம் பெரிய உடம்பு, பெரிய பேச்சு. அவர்களுடைய மைதானம் வற்றாத சுனைக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டணியில் இருக்கும் அணிகளின் குடும்பம் குட்டிகள் எல்லாம் கோடையில் அந்தச் சுனையில் இறங்கலாம். மற்றவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம்.

சின்னக் கூட்டணிக்குக் குளத்தங்கரைக் கூட்டணி என்று பெயர். நீர்நாய், கீரி, முயல், முள்ளம்பன்றி, உடும்பு, ஆமை ஆகிய ஆறு அணிகள் நாவல்குளத்தின் கரையில் ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் காலையில் மைனாக்கள் காடு முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தன.

"கடமான்கள் கூட்டணி மாறிட்டாங்க! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூட்டணிக்குப் போயிட்டாங்க! மூங்கில்வனத்துல ஒரு இடம் காலி!"

அப்புறம் கேட்க வேண்டுமா? காடே அல்லோலகல்லோலப்பட்டது! குளத்தங்கரையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. இரண்டு பேர் சந்தித்தால் அதே பேச்சு.

"முயலுக்குத்தானாம்!"

"யார் சொன்னது? உடும்புக்காம்! பேசி முடிச்சாச்சாம்!"

மறுநாளே மூங்கில்வனக் கூட்டணியின் செயலாளர் குளத்தங்கரைக்கு வந்துவிட்டார். அவர் ஒரு கருமந்தி. பெயர் கொப்புராயர். எப்போதும் உயரமான கிளையில் உட்கார்ந்துதான் பேசுவார். கீழே இறங்கினால் தன் மரியாதையும் இறங்கிவிடும் என்று நினைப்பு. அவரோடு டொக்கு என்ற மரங்கொத்தியும் வந்திருந்தது.

"இடம் ஒண்ணுதான். யாருக்கு வேணுமோ வந்து சொல்லுங்க!" என்றார் கொப்புராயர்.

முதலில் முயல் அணித் தலைவன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"ஐயா, எங்க அணியில இப்ப இருநூறு பேர்! அடுத்த மாசம் வாங்க, நானூறு பேர்!"

"ஆடுறவங்க எத்தனை பேர்?"

"அதுல பதினொரு பேர்தாங்க. மிச்சப் பேர் வீட்டு வேலையில இருக்காங்க."

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. "எங்ககிட்ட பந்து வந்தா எவனும் கிட்ட வர மாட்டான்!" என்று பெருமையாகச் சொன்னது. "போன தடவை பனங்காயே மூணு துண்டாப் போச்சே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

உடும்பு, "நாங்க பிடிச்சா விட மாட்டோம்" என்றது. விட்டால்தானே ஆட்டம்! கொப்புராயர் அதை அனுப்பிவிட்டார்.

ஆமை ஒன்று மெதுவாக முன்னே வந்தது. "நாங்க இதுவரைக்கும் தோத்ததே இல்லை" என்றது. அது உண்மைதான். அவர்கள் ஆடிய ஒரு ஆட்டமும் இதுவரை முடியவில்லை.

கொப்புராயர் கையை உயர்த்தினார்.

"இதோ பாருங்க! யாரு ஜெயிச்சீங்க, யாரு தோத்தீங்கன்னு எனக்கு அக்கறை இல்லை. யாரைப் பார்க்கக் கூட்டம் வருதோ அவங்களுக்குத்தான் இடம். டொக்கு ஒரு தலைக்கு ஒரு கொத்துன்னு மரத்துல கொத்தி எண்ணும். எந்த அணியோட கரையில அதிகம் பேர் நிக்கிறாங்களோ அந்த அணி எங்களுக்கு!"

இதைக் கேட்டதும் இரண்டு பேர் நிமிர்ந்து நின்றார்கள். ஒருவன் நீர்நாய் அணித் தலைவன் மினுக்கன். மற்றொருத்தி கீரி அணித் தலைவி சிலுப்பி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் நீர்நாய்களும் கீரிகளும் மோதுவது வழக்கம். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. அன்றைக்குக் காட்டில் ஒரு வளையிலும் ஆள் இருக்காது! பறவைகள் கூட்டில் முட்டையை விட்டுவிட்டு வந்துவிடும். நீர்நாய்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டே பந்தைக் கொண்டுபோகும். கீரிகள் அவர்கள் தலைக்கு மேலே தாவி அதைத் தட்டிப் பறிக்கும். இரண்டில் ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடம் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

"கூட்டம் எங்களைப் பார்க்கத்தான் வருது!" என்றான் மினுக்கன்.

"ஆமா, நீங்க வழுக்கி விழுறதைப் பார்த்துச் சிரிக்க வருது!" என்றாள் சிலுப்பி.

மினுக்கன் சிரிக்கவில்லை. அவனுக்கு இந்த இடம் விளையாட்டுக் காரியம் இல்லை. போன சித்திரையில் நாவல்குளம் அடியோடு வற்றிவிட்டது. அவனும் அவன் மனைவி அல்லியும் நான்கு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் தேடி மூன்று நாள் நடந்தார்கள். ஓர் ஆற்றங்கரையை எட்டியபோது மூன்று குட்டிகள்தான் உயிரோடு இருந்தன. அதிலிருந்து அவன் வற்றாத சுனையைப் பற்றி நினைக்காத நாள் இல்லை.

"வர்ற கோடையிலயும் நடக்கணுமா?" என்று அல்லி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அவன் ஒரு தந்திரம் செய்தான்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் நீர்நாய்கள் அத்தனை பேரும் குளத்தில் முங்கி முங்கி எழுந்து, கீரிகளின் கரையில் போய் உடம்பை உதறினார்கள். ஓடிவந்து முங்குவது, போய் உதறுவது, மறுபடி முங்குவது! வெயில் ஏறுவதற்குள் கீரிகளின் கரை முழங்கால் அளவு சேறாகிவிட்டது. நீர்நாய்களுடைய சொந்தக் கரை வெயிலில் காய்ந்து மெத்தென்று இருந்தது.

கூட்டம் வந்தது. எவ்வளவு கூட்டம்! முயல்கள் குடும்பம் குடும்பமாக வந்தன. அணில்கள் கிளைகளில் தொங்கின. நத்தைகள் மூன்று நாள் முன்பே கிளம்பி வந்திருந்தன. கீரிகளின் கரைக்குப் போனவர்கள் சேற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். "ஐயோ, வெள்ளை வயிறெல்லாம் பாழாப் போயிடும்!" என்று முயல்கள் திரும்பி நடந்தன. எல்லோரும் நீர்நாய்களின் கரையில் போய் நெருக்கியடித்து நின்றார்கள்.

டொக்கு பட்டுப்போன ஒரு மரத்தில் கொத்த ஆரம்பித்தது. டொக் டொக் டொக்! அலகு சூடாகிவிட்டது பாவம். இரண்டு தடவை குளத்தில் நனைத்துக்கொண்டு வந்து மறுபடி கொத்தியது.

ஆட்டம் என்றால் அதுதான் ஆட்டம்! முதலில் நீர்நாய் ஒரு புள்ளி. உடனே கீரி ஒரு புள்ளி. பனங்காய் குளத்தில் விழுந்தது, மினுக்கன் அதன் பின்னாலேயே பாய்ந்தான். அவன் வெளியே வருவதற்குள் சிலுப்பி கரையில் காத்துக்கொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தவளைகளுக்கே தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று கீரிகள் ஜெயித்தார்கள்.

ஆனால் கொப்புராயர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர்நாய் கரையில ஆயிரத்து ஐந்நூறு! கீரி கரையில நூத்தி நாப்பது!" என்று டொக்கு மூச்சு வாங்கிச் சொன்னது.

"முடிஞ்சுது! மூங்கில்வனக் கூட்டணியோட புது அணி நீர்நாய்!" என்று கொப்புராயர் அறிவித்தார்.

நீர்நாய்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அல்லி அழுதுவிட்டாள். சிலுப்பி மட்டும் வெற்றிபெற்ற தன் அணியோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மினுக்கனின் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப அடுத்த ஐப்பசி?" என்று கேட்டாள்.

"அடுத்த ஐப்பசிக்கு நாங்க கரடியோட ஆடுவோம். நீங்க ஆமையோட ஆடுங்க!" என்றான் மினுக்கன். சந்தோஷம் தலைக்கேறினால் வாய் இப்படித்தான் பேசும்.

நீர்நாய்கள் மூட்டை முடிச்சோடு மூங்கில்வனத்துக்குக் குடியேறினார்கள். மார்கழியில் முதல் ஆட்டம் வந்தது. எதிரே காட்டுப்பன்றிகள்! மினுக்கன் விடியும் முன்பே எழுந்து மீசையை நீவிக்கொண்டான். கொப்புராயர் குவியல் போடுவதற்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிய இடத்தைச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார். டொக்கு அலகைக் கல்லில் தீட்டிக்கொண்டது.

டொக். டொக். டொக். பதினொரு கொத்தோடு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் கொப்புராயர்.

"அவ்வளவு பேர்தாங்க வந்திருக்காங்க."

குவியலில் எட்டு நெல்லிக்காயும் மூன்று கிழங்கும் கிடந்தன. அதில் ஒரு கிழங்கு அழுகல். காட்டுப்பன்றிகள் நீர்நாய்களைப் பந்தோடு சேர்த்து உருட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தை மாதத்தில் கரடிகளோடு ஆட்டம். ஏழு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் தூங்கிவிட்டார்கள்.

கொப்புராயருக்கு முகம் இன்னும் கறுத்துவிட்டது. "எங்கேய்யா உன் ஆயிரத்து ஐந்நூறு பேர்?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"வந்துடுவாங்க ஐயா! தூரம் கொஞ்சம் அதிகம். நான் சொல்லி அனுப்புறேன்" என்றான் மினுக்கன்.

அவன் மைனாக்களைக் குளத்தங்கரைக்கு அனுப்பினான். மைனாக்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டன. போன வேகத்திலேயே திரும்பி வந்தன.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. 'கீரி வருதா?'ன்னாங்க. இல்லைன்னோம். 'அப்ப நாங்க எதுக்கு வரணும்?'னு கதவைச் சாத்திட்டாங்க."

அதே சமயம் குளத்தங்கரையிலும் கதை வேறாக இல்லை. கீரிகள் முயல்களோடு ஆடினார்கள். முப்பது பேர் வந்தார்கள். முப்பதும் முயல்களின் சொந்தக்காரர்கள்.

மாசி பிறந்ததும் கொப்புராயர் மினுக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

"பங்குனி பிறக்கிறதுக்குள்ள ஒரு ஆட்டத்துக்காவது ஆயிரம் பேர் வரணும். இல்லைன்னா உங்க அணிக்கு இங்க இடம் இல்லை. சுனையிலயும் இல்லை!"

மினுக்கன் சுனைக்கரைக்குப் போனான். அவனுடைய மூன்று குட்டிகளும் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றின் வாலைப் பிடித்து இழுத்தது. அன்றைக்கே நாவல்குளத்துக்குக் கிளம்பிவிட்டான்.

குளத்தில் அப்போதே பாதித் தண்ணீர் இல்லை. சிலுப்பி தனியாகப் பனங்காயைப் புற்றில் எற்றி எற்றிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஓ! பெரிய கூட்டணி ஐயா வந்திருக்காரு! கரடி எப்படி இருக்கு?" என்றாள்.

"சிலுப்பி, கேலி பண்ணு, தாங்கிக்கிறேன். ஆனா ஒரு ஆட்டம் ஆட வா."

"எங்கே?"

"மூங்கில்வனத்துல. இந்த மாசக் கடைசியில."

"எதுக்கு?"

மினுக்கன் ஒளிக்காமல் சொன்னான். பதினொரு பேர், ஏழு பேர், பங்குனிக் கெடு, சுனை, குட்டிகள் எல்லாவற்றையும் சொன்னான். சேற்றை மட்டும் சொல்லவில்லை.

சிலுப்பி பனங்காயின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தாள். மறுப்பதற்கு அவளுக்கு நூறு காரணம் இருந்தது. ஆனால் முயல்களோடும் ஆமைகளோடும் ஆடி ஆடி அவளுக்கு உடம்பு துருப்பிடித்தாற்போல் இருந்தது.

"உனக்காக வரலை. நல்ல ஆட்டம் ஆடி நாளாச்சு. அதுக்காக வர்றேன்!" என்றாள்.

செய்தி பரவியது. கைவிட்டுப் போனவர்களும் கைவிடப்பட்டவர்களும் நேருக்கு நேர்! ஐப்பசிக்கு வராதவர்கள்கூடக் கிளம்பினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போன கடமான்களே ஏழு பேர் ஒளிந்து ஒளிந்து வந்து மூங்கில் மறைவில் நின்றார்கள். குவியல் மலையாக உயர்ந்தது. நாவல், இலந்தை, அத்தி, வள்ளிக்கிழங்கு! அணில்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பலாப்பழத்தையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதைப் பார்த்து கரடித் தலைவருக்கு வாயில் எச்சில் நிற்கவில்லை.

டொக்கு ஒரு மரம் முழுக்கக் கொத்தி முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

ஆட்டம் ஆரம்பித்தது. சேறு இல்லை, மழை இல்லை, ஆனாலும் தூள் பறந்தது! சிலுப்பி ஒரு தாவலில் இரண்டு நீர்நாய்களைத் தாண்டி முதல் புள்ளியை எடுத்தாள். மினுக்கன் வாலாலேயே ஒரு தட்டுத் தட்டிச் சமன் செய்தான். "ஓஓஓ!" என்று காடே எழுந்து நின்றது. காட்டெருமைகள் தங்கள் பெருமையை மறந்து குதித்தன. அதனால் அங்கங்கே நிலமே அதிர்ந்தது. இடைவேளையின்போது இரண்டுக்கு இரண்டு.

அப்போது கொப்புராயர் கிளையில் எழுந்து நின்றார்.

"இரண்டாயிரத்து நூறு பேர்! இது நீர்நாய்களோட மைதானம். ஆகவே இந்தக் கூட்டம் அத்தனையும் நீர்நாய்களைப் பார்க்க வந்த கூட்டம். அவங்க இடம் உறுதி! ஆட வந்த கீரிகளுக்கு ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் கொடுத்து அனுப்புங்க!"

சிலுப்பியின் முதுகு மயிர் அத்தனையும் சிலிர்த்து நின்றது.

"அப்படியா? இவங்களைப் பார்க்க வந்த கூட்டமா? அப்ப இவங்களே ஆடட்டும்!" என்று சொல்லிவிட்டு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றக் கீரிகளும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கூட்டம் முணுமுணுத்தது. "என்னாச்சு? ஆட மாட்டாங்களா?" என்று கேட்டார்கள். ஓரத்தில் நின்ற ஒரு முயல் தன்னுடைய கிழங்கு குவியலில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேட ஆரம்பித்தது.

கொப்புராயர் தாழ்ந்த கிளைக்கு இறங்கிவந்து மினுக்கனிடம் ரகசியமாகச் சொன்னார்.

"டேய், ஏன் முழிக்கிற? எண்ணி முடிச்சாச்சு. உனக்கு இடம் உறுதி. காவலுக்கு ஒருத்தரும் இல்லை. நேராப் போய் ஒரு புள்ளியைப் போட்டு ஆட்டத்தை முடிச்சுடு. குவியல் நமக்கு, சுனை உனக்கு!"

மினுக்கனின் காலடியில் பனங்காய் இருந்தது. எதிரே இரண்டு புற்றுகளும் திறந்து கிடந்தன. ஒரு தட்டுத் தட்டினால் போதும். சுனைப் பக்கம் திரும்பினான். அல்லி கரையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் ஒன்றும் தெரியாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் தட்டியிருப்பார்கள். நானாக இருந்தால் தட்டிவிட்டுத்தான் யோசித்திருப்பேன்.

மினுக்கன் யோசித்துவிட்டான். இன்றைக்குத் தட்டிவிடலாம், அடுத்த ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? மறுபடி பதினொரு பேர், மறுபடி ஏழு பேர். அடுத்த கோடைக்கு மறுபடி நடை. அதற்குள் சிலுப்பி அவன் முகத்திலேயே முழிக்க மாட்டாள். தான் செய்தது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அவன் பந்தை விட்டுவிட்டு நடந்துபோய் சிலுப்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா பண்ற?" என்று கொப்புராயர் அலறினார்.

"ஐயா, இந்தக் கூட்டம் எங்களோடது இல்லை. ஐப்பசியில வந்ததும் எங்களோடது இல்லை. கீரி கரையைச் சேறாக்கினது நாங்கதான். விடியக்காலையில இருந்து தண்ணியை உதறி உதறிச் சேறாக்கினோம். அதனாலதான் எல்லாரும் எங்க பக்கம் வந்து நின்னாங்க!" என்று மினுக்கன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அடப்பாவி! மழைன்னு நெனச்சேனே! மூணு நாள் காலைக் கழுவினேன்!" என்று சிலுப்பி வாலால் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அறைந்தாளே தவிர எழுந்து போகவில்லை.

ஆனால் கூட்டம் எழுந்துவிட்டது. இரண்டு அணியும் உட்கார்ந்துவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? முதலில் அந்த முயல் ஓடிப்போய்த் தன் கிழங்கை எடுத்துக்கொண்டது. அடுத்தது தன் இலந்தையை எடுத்தது. அப்புறம் வரிசையே கட்டிவிட்டார்கள். மலைபோல் இருந்த குவியல் கண்ணெதிரே கரைந்தது.

"கொப்புராயரே! போகுது! எல்லாம் போகுது!" என்று காட்டெருமைத் தலைவர் கத்தினார்.

ஆறு அணில்களும் பலாப்பழத்தைத் திருப்பி உருட்ட ஆரம்பித்தன. அவ்வளவுதான், கரடித் தலைவர் தரையில் புரண்டு அழுதுவிட்டார். "பலாவை விடாதீங்க! ஏய் மந்தி, கீரி என்ன கேட்டாலும் கொடுத்துத் தொலை!"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொப்புராயர் தரைக்கு இறங்கினார். இறங்கினார் என்ன, குதித்தார்.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க! சிலுப்பி, உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் தனியா வேண்டாம். கூப்பிட்டா ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் போறோம்" என்றாள் சிலுப்பி.

"இருக்கிறது ஒரே இடம்தானே!"

"நாங்க ரெண்டு பேரும் சின்ன உடம்புதான். ஒரு கடமான் நின்ன இடத்துல தாராளமா நிப்போம்!" என்றான் மினுக்கன்.

கொப்புராயர் கரடியைப் பார்த்தார். கரடி பலாப்பழத்தைப் பார்த்தது. பலாப்பழம் மைதானத்தின் எல்லையைத் தாண்டப் போனது.

"சரி! சரி! நீர்நாயும் கீரியும் சேர்ந்து இந்தக் கூட்டணியில இருக்கட்டும்! ரெண்டு குடும்பமும் சுனையில இறங்கட்டும்! எழுந்து ஆடித் தொலைங்க!"

கூட்டம் போட்ட கூச்சலில் மூங்கில்கள் எல்லாம் ஆடின! பலாப்பழம் திரும்பி வந்தது. கிழங்குகள் திரும்பி வந்தன. கீரிகள் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்கள். "இப்ப பாருடா!" என்று கத்திக்கொண்டே சிலுப்பி பாய்ந்தாள். சேற்றுக்கான கோபம் முழுவதையும் அந்தப் பனங்காயின்மேல் காட்டினாள். மூன்றுக்கு இரண்டு என்று கீரிகளே மறுபடி ஜெயித்தார்கள். தொடர்ந்து இரண்டாவது தடவை! "வருஷக் கணக்குல இது சேராது!" என்று மினுக்கன் கத்திக்கொண்டே இருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் நாவல்குளம் மறுபடி வற்றியது. மினுக்கனின் குடும்பம் எங்கும் நடக்கவில்லை. மூன்று குட்டிகளும் சுனையில் முங்கி விளையாடின. கரையில் கீரிக் குட்டிகள் தண்ணீரைத் தொடப் பயந்து நின்றன. நீர்நாய்க் குட்டிகள் வாலால் தண்ணீரை அடித்து அவர்களை நனைத்தன.

இருவர் மோதிச் சேர்த்த கூட்டத்தை ஒருவர் மட்டும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனால், போன இடத்தில் அவரைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.